பாட்டைப் பதிவு செய்ய வருகிறவர்கள் புல்வெளியையும் பாருங்கள்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை அதிகாரிகளுக்கும், பழங்குடி மொழிகளை ஆவணப்படுத்தும் பணியில் ஈடுபடும் ஆய்வாளர்களுக்கும்

மதிப்புக்குரியவர்களே, வணக்கம்.

தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் ஆகியோரின் மொழி வளங்களையும் ஒலிவடிவங்களையும் இனவரைவியல் நோக்கில் ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்குவதாக 2024-25 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பைப் படித்தபோது உண்மையாகவே மகிழ்ந்தேன். எழுத்து வழக்கில்லாத, சில ஆயிரம் பேர் மட்டுமே பேசுகிற மொழிகளைப் பாதுகாப்பது தன் கடமை என்று ஓர் அரசு சொல்வதைச் சிறிய செய்தியாக நான் நினைக்கவில்லை.

ஒலிப்பதிவுக் கருவியும் காமிராவுமாக நீலகிரியின் மேட்டுநிலத்தில் பல ஆண்டுகளாகச் சுற்றி வருகிறவன் நான். எனக்குத் தெரிந்த மலை அதுதான் என்பதால் தோடரையும் கோத்தரையும் பற்றி மட்டும் எழுதுகிறேன். காணிகளைப் பற்றியும் சோளகரைப் பற்றியும் அவர்களோடு பழகியவர்கள் உங்களிடம் சொல்ல வேண்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்று: ஒரு பாட்டை, அது பாடப்பட்ட நிலத்திலிருந்தும் அதைப் பாடிய ஆளிடமிருந்தும் பிரித்து எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியில் வைக்காதீர்கள்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், நீலகிரியில் அப்படிப் பிரித்து எடுத்துப் போகும் வேலை நூற்றைம்பது ஆண்டுகளாக நடந்துவருகிறது. இந்தியாவில் தோடர்களைப் போல இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இருந்துகொண்டு இவ்வளவு அதிகமாக எழுதப்பட்ட மக்கள் வேறு யாரேனும் உண்டா என்பது சந்தேகமே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் ஏறக்குறைய 2,000 பேர். 1873-ஆம் ஆண்டில் மட்டும் இவர்களைப் பற்றி இரண்டு புத்தகங்கள் வெளிவந்தன. ஒன்று, மண்டையோட்டின் வடிவத்தை வைத்து மனிதரின் குணத்தைக் கணிக்கலாம் என்று நம்பிய மார்ஷல் என்ற ராணுவ அதிகாரி எழுதியது. மற்றொன்று, நீலகிரியின் முதல் ஆணையராக இருந்த பிரீக்ஸ் எழுதியது. அவர் மலையுச்சிக் கல்லறைகளைத் தோண்டி எடுத்த பொருட்களில் பல இன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. பிறகு சென்னை அருங்காட்சியகத்தின் தலைவர் எட்கர் தர்ஸ்டன் அளவுகோலும் காமிராவுமாக வந்தார். அடுத்து கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ரிவர்ஸ், தோடர்களின் குடும்ப வழிகளையும், எருமைப் பாலைக் கையாளும் புனித இடங்களான பால்மனைகளின் சடங்குகளையும் விசாரித்து 1906-ல் பெரிய புத்தகமாகவே போட்டார். 1935 முதல் 1938 வரை அமெரிக்க மொழியியலாளர் முர்ரே எமெனோ இங்கே வேலை செய்தார். அவர் எழுதியெடுத்த தோடர் பாடல்கள், இருநூற்றுக்கும் மேற்பட்டவை, 1971-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அச்சாயின.

இவர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. மண்டையை அளந்தவரும் எமெனோவும் ஒன்றல்ல. எமெனோ காது கொடுத்துக் கேட்ட மனிதர். அவர் கேட்டு எழுதியிராவிட்டால் அந்தப் பாடல்களில் பல இன்று எந்த வடிவிலும் கிடைத்திருக்காது. ஆனாலும் அந்த நூல் யாருக்கு எட்டுகிறது? மொழியியல் படித்தவர்களுக்கு மட்டுமே புரிகிற ஒலிக்குறிகளிலும் ஆங்கிலத்திலும், சாதாரண ஆள் வாங்க முடியாத விலையில், பல்கலைக்கழக நூலகங்களில் அது இருக்கிறது. தன் கொள்ளுத் தாத்தா கட்டிய பாட்டு அதில் உண்டா என்று தேடிப் பார்க்க ஒரு மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், வாழும் இளைஞனுக்கு வழியில்லை. அவர்களைப் பற்றி ஆவணம் இல்லை என்ற குறை என்றைக்கும் இருந்ததில்லை. அந்த ஆவணங்கள் எதுவும் அவர்கள் கைக்கு வந்ததில்லை.

தோடர் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதைப் புரிந்துகொள்ளாமல் போட்ட திட்டம் முதல் நாளிலேயே தடம் மாறிவிடும். தோடர்களிடம் பரம்பரையாக மனப்பாடம் செய்து பாடும் பாட்டு மட்டும் இருப்பதாக நினைத்துப் போனால் ஏமாந்து போவீர்கள். திருமணம், இழவு, ஒரு பயணம், ஒரு புதிய கட்டடம் என்று எதற்கும் அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டுவார்கள். ஆனால் வாய்க்கு வந்த சொல்லை வைத்துக் கட்ட முடியாது. அளவான சிறு சிறு தொடர்கள் இருக்கின்றன. ஒன்றைச் சொன்னால் அதற்கு இணையான மற்றொன்றைச் சொல்லியே தீர வேண்டும். ஒரு மந்தின் பெயர் வந்தால் அதன் இணைப்பெயர் வரும். எருமைக்கும் ஓடைக்கும் குன்றுக்கும் அப்படியே. ஆக, பாட்டுக் கட்டுகிறவருக்கு மொழி தெரிந்தால் மட்டும் போதாது. எந்த மந்துக்கு மேற்கே எந்தக் குன்று, எந்த ஓடை எங்கே வளைகிறது, எந்த எருமைக் கூட்டம் எந்த மேய்ச்சலுக்குரியது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது அந்தக் குன்றுகளும் ஓடைகளும் எந்த நிலையில் இருக்கின்றன?

நீலகிரியின் மேட்டுநிலம் ஒரு காலத்தில் பெரும்பாலும் புல்வெளி. மடிப்புகளில், ஓடைக் கரைகளில் மட்டும் சோலைக்காடு. மழை பெய்தால் நீரைப் பிடித்து வைத்துச் சதுப்புகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும் நிலம். பவானிக்கும் மோயாற்றுக்கும், அவற்றின் வழியாகக் காவிரிக்கும் போகிற தண்ணீர் அங்கே தொடங்குகிறது. மரமில்லாத இடத்தைத் தரிசு என்று பார்த்த ஆங்கிலேயர்கள் ஊட்டியின் விறகுத் தேவைக்காகச் சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். விடுதலைக்குப் பின் நாமும் அதையே இன்னும் பெரிய அளவில் செய்தோம். தோல் பதனிடச் சீகைப் பட்டை, செயற்கை இழைக்கு மரக்கூழ் என்று சொல்லிப் புல்வெளியின் மேல் மரத்தோட்டங்களைப் போட்டோம். குந்தா மின்திட்டத்தின் அணைகள் பள்ளத்தாக்குகளை நிரப்பின. எஞ்சிய சதுப்புகளில் பல வடிக்கப்பட்டு உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் தோட்டங்களாயின.

சீகை மரத்தின் கெட்டிக்காரத்தனம் அதன் விதையில் இருக்கிறது. பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். வெட்டினாலும் எரித்தாலும் அந்த இடத்தில் ஆயிரம் கன்று கிளம்பும். தோட்டம் போட்ட இடத்தோடு நிற்காமல் பக்கத்துப் புல்வெளிக்கும் பரவும். அப்படிப் பரவிய ஒரு காட்டுக்குள் ஒரு தோடர் பெரியவர் என்னை அழைத்துப் போனார். அவர் பாடிய பாட்டில் ஓர் இடத்தின் பெயர் வந்தது, அதைக் காட்டுங்கள் என்று நான்தான் கேட்டிருந்தேன். நான்கு பக்கமும் சீகை. வானமே தெரியவில்லை. “இங்கதாங்க” என்றார். “இங்க நின்னா அந்தப் பக்கம் மூணு மந்து தெரியும்னு எங்கப்பா சொல்லுவாரு.” பாட்டில் அந்த மூன்று மந்தும் வரிசையாக வருகின்றன. அவருடைய பேரன் அந்தப் பாட்டைக் கேட்டால் அவனுக்குப் பெயர்கள் மட்டும் கிடைக்கும். வரிசை ஏன் அப்படி வந்தது என்பது கிடைக்காது.

கோயிலுக்கும் இதே கதிதான். முத்தநாடு மந்தில் கூம்பு வடிவில் உயர்ந்து நிற்கும் மூன்போ கோயிலின் படம் எல்லாச் சுற்றுலாக் கையேட்டிலும் இருக்கிறது. மொற்பர்த் பண்டிகை நாளில் பாரம்பரிய உடை போர்த்திய ஆண்கள் அதன் முன் ஆடுவதையும், இளவட்டக்கல்லைத் தூக்குவதையும் ஆண்டுதோறும் பத்திரிகைகளில் பார்க்கிறீர்கள். அந்தக் கூரை எதனால் வேயப்பட்டது என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? மேட்டுநிலச் சதுப்புகளில் வளரும் ஒரு வகைப் புல் அது. தாவரவியலார் எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீலகிரிக்கே உரியது, இன்று அருகிவிட்டது. கூரையை அவ்வப்போது பிரித்துப் புதிதாக வேய்ந்தாக வேண்டும். அதற்கு ஒரு நாள் குறித்து, பல மந்துகளிலிருந்து ஆண்கள் வந்து, பிரம்பும் மூங்கிலும் புல்லும் சேகரித்து, விதிமுறைப்படி செய்வார்கள். சதுப்பு போனால் புல் போகும். புல் போனால் அந்த நாள் போகும். அந்த நாளுக்கென்று இருக்கிற சொற்களும் பேச்சும் பாட்டும் அதோடு போகும். எந்த ஒலிவாங்கியை வைத்து அதைப் பிடிப்பீர்கள்?

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இறந்தவரின் உயிர் மறுவுலகத்துக்குப் போகும் வழி தோடர்களுக்கு வானத்தில் இல்லை. இந்த மலையிலேயே மேற்கு நோக்கி, முக்குருத்திச் சிகரம் இருக்கும் திசையில், பெயர் தெரிந்த பாறைகளையும் ஓடைகளையும் கடந்து போகிறது. நடந்து போகக்கூடிய வழி அது. அந்த நிலத்தில் இன்று தேசியப் பூங்காவின் எல்லை இருக்கிறது, நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன, மரத்தோட்டங்கள் இருக்கின்றன. முன்னோர் போன வழியில் நடந்து பார்க்க அந்த மக்களே அனுமதிச் சீட்டுக்குக் காத்திருக்கும் நிலையை மாற்றாமல், அவர்களின் இழவுப் பாட்டை மட்டும் ஒரு அரங்கில் உட்காரவைத்துப் பாடச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே ஆவணக் குழுவில் மொழியியலாளரோடு தாவரவியல் தெரிந்தவர் ஒருவர் இருக்கட்டும், வரைபடம் போடத் தெரிந்தவர் ஒருவர் இருக்கட்டும். முடிந்தவரை பாட்டில் வரும் இடத்துக்கே போய்ப் பதிவு செய்யுங்கள். ஒரு பாட்டுக்கு ஒரு ஒலிக்கோப்பு என்று கணக்கு வைக்காமல், அதில் வரும் இடங்களின் பெயர், இணைப்பெயர், இன்று அந்த இடத்தின் நிலை, செடி, புல், தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். புல்வெளியைப் பருவம் பார்த்து, திட்டுத் திட்டாக எரிக்கும் வழக்கம் தோடர்களிடம் இருந்தது. புதுப்புல் முளைக்க அது உதவியது. வனத்துறை தடுத்ததால் அது நின்றுபோனது. எந்த மாதத்தில், எந்தச் சரிவில், காற்று எப்படி அடிக்கும்போது என்ற அந்த அறிவு இன்று வயதானவர்களிடம் மட்டுமே இருக்கிறது. அதுவும் மொழிதான். அதையும் கேட்டு எழுதுங்கள்.

இதற்கு நீங்கள் புதிதாக ஒரு துறையை உருவாக்க வேண்டியதில்லை. அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கும் சூழலை மீட்பதற்கும் 2022-ல் அரசே ஒரு கொள்கை வகுத்திருக்கிறது. அதே ஆண்டில் அறிவித்த நீலகிரி வரையாடு திட்டத்திலும் புல்வெளி மீட்பு இருக்கிறது. வரையாட்டுக்கு வேண்டிய புல்வெளியும் தோடர் எருமைக்கு வேண்டிய புல்வெளியும் ஒன்றுதான். சீகையை எந்தச் சரிவில் முதலில் அகற்றுவது என்று வனத்துறை முடிவெடுக்கும்போது, உங்கள் ஆவணத்தில் அதிகமாகப் பெயர் வருகிற சரிவுகளைப் பட்டியலின் மேலே வைக்கச் சொல்லுங்கள். இரண்டு துறைகளின் கோப்புகளும் ஒரே மேசையில் சந்தித்தால் போதும்.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(1)(e) மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கு வாழிட உரிமையை ஏற்கிறது. தமிழ்நாட்டில் அப்படி அறியப்பட்ட ஆறு குழுக்களில் தோடரும் கோத்தரும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் பைகா மக்களுக்கும் சத்தீஸ்கரில் கமார் மக்களுக்கும் இந்த உரிமை வழங்கப்பட்டிருக்கிறது. ஒரு சமூகம் எந்த நிலத்தோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதைக் காட்டுவதுதான் இந்த உரிமை கோருவதில் கடினமான வேலை. அதற்குத் தோடர் பாடல்களைவிடச் சிறந்த சாட்சி எது? நீங்கள் தயாரிக்கப்போகும் ஆவணம் அலமாரியில் தூங்காமல் ஒரு கிராமசபையின் மனுவுக்குப் பின்னிணைப்பாகப் போக முடியும்.

கோத்தர் விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. இரும்பு வேலை, மண்பாண்டம், இசை மூன்றும் அவர்களிடம் இருந்தன. தோடர் இழவில் வாசித்தது கோத்தர் இசைதான். கருவியும் பானையும் இசையும் கொடுத்து நெய்யும் தானியமும் தேனும் வாங்கிய அந்தப் பரிமாற்றம் போன நூற்றாண்டின் முதற்பாதியிலேயே குலைந்துவிட்டது. எனவே கோத்தர் இசையைத் தனியாகவும் தோடர் பாட்டைத் தனியாகவும் இரண்டு திட்டங்களாகப் பிரித்துக் கொடுக்க வேண்டாம். எமெனோவுக்குக் கோத்தர் மொழியைச் சொல்லிக்கொடுத்தவர் சுள்ளி என்ற கோத்தர். எமெனோவின் கோத்தர் நூல்களில் இருக்கும் கதைகள் அவர் வாயிலிருந்து வந்தவை. உங்கள் வெளியீடுகளில் சுள்ளி போன்றவர்களின் பெயர் நன்றியுரையின் கடைசி வரியில் வராமல், ஆசிரியர் பெயர் வரும் இடத்தில் வரட்டும்.

ஒலிவடிவம் என்ற சொல்லை அரசு பயன்படுத்தியிருப்பதால் இதையும் சொல்கிறேன். தோடர் மொழியில் நாவை அதிரவைத்து எழுப்பும் ஒலிகளே மூன்று வகை. அவை ஒவ்வொன்றுக்கும் இன்னொரு மென்வடிவம் உண்டு. இவற்றை அளந்து 1996-ல் லாடஃபோகட் உள்ளிட்ட ஒலியியலாளர்கள் தனிக் கட்டுரையே எழுதினார்கள். நம்மிடம் ர, ற இரண்டே எழுத்து. வசதிக்காகத் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதி முடித்தால், பொருள் வேறுபடும் சொற்கள் தாளில் ஒன்றாகிவிடும். எந்த எழுத்து, எந்தக் குறி என்பதைத் தோடர்களே உட்கார்ந்து பேசி முடிவு செய்ய நேரம் கொடுங்கள். வாசமல்லியைப் போல அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே எழுதியும் பதிவு செய்தும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தகவல் தருகிறவர்களாக அல்லாமல் குழுவை நடத்துகிறவர்களாக இருக்க வேண்டும்.

பதிவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. அதே வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(1)(k), பல்லுயிர் வளத்தையும் பண்பாட்டுப் பன்மையையும் சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்கு அறிவுசார் உரிமை உண்டு என்கிறது. உலகத்தின் வேறு இடங்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். 1890-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பாஸமகுவாடி மக்களின் பாட்டும் பேச்சும் மெழுகு உருளையில் பதிவாயின. களத்தில் செய்த ஒலிப்பதிவுகளில் உலகிலேயே முதலாவதாக அறியப்படுவது அது. நீண்ட காலத்துக்குப் பிறகு அவற்றின் பிரதிகள் அந்த மக்களிடம் திரும்பிப் போயின. எதை யார் கேட்கலாம் என்பதை இன்று அவர்களே குறித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் வருமுங்கு மக்களோடு சேர்ந்து முகுர்து என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். பெண்கள் மட்டும் பார்க்கக்கூடியது, குறிப்பிட்ட குடும்பம் மட்டும் கேட்கக்கூடியது என்றெல்லாம் சமூகத்தின் விதிப்படி அதில் பூட்டி வைக்கலாம். வெளிநாடுகளுக்குப் போன இந்திய இசைப் பதிவுகளின் பிரதிகளைத் திரும்பக் கொண்டுவரும் நோக்கில் 1982-ல் தொடங்கிய ஓர் ஆவணக் காப்பகம் டெல்லிக்குப் பக்கத்தில் குருகிராமில் இருக்கிறது. வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை.

தோடர்களின் பால்மனைகளில் வெளியாருக்குச் சொல்லக்கூடாத சொற்கள் உண்டு. பதிவு செய்ய வேண்டாம் என்று ஒரு பெரியவர் சொன்னால் கருவியை அணைத்துவிடுங்கள். அந்த இடத்தில் வெறுமை இருந்தாலும் ஆவணம் முழுமையானதுதான். பாடியவருக்குக் கூலி கொடுங்கள். மதிய உணவும் சால்வையும் கூலியாகாது.

உங்களுக்கு எழுதும் மடலில் இன்னொரு கூட்டத்தையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது: காமிராவோடு ஊட்டிக்கு வருகிற இளைஞர்கள், யூடியூப் நடத்துகிறவர்கள். தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கும் மந்துக்கு ஏறிப்போய், வாசலில் பூத்துக்குளி என்ற தோடர் போர்வையில் பூவேலை செய்துகொண்டிருக்கும் பாட்டியின் முகத்துக்கு நேரே கருவியை நீட்டுகிறார்கள். அந்தமானில் ஜாரவா பெண்களைச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடவைத்த காணொளி 2012 ஜனவரியில் வெளியாகி நாடே தலைகுனிந்தது. அதற்குப் பிறகு அங்கே சட்டம் கடுமையானது. நீலகிரிக்கு அப்படியொரு தடைச்சட்டம் தேவை என்று நான் சொல்லவில்லை. தோடர்கள் ஒதுங்கி வாழ்கிறவர்கள் அல்ல, படித்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், தங்களுக்காகத் தாங்களே பேசத் தெரிந்தவர்கள். அவர்களின் மந்துச் சபை எழுதித் தருகிற நடைமுறை ஒன்றை, தமிழிலும் ஆங்கிலத்திலும், மாவட்ட நிர்வாகம் வெளியிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். இளைஞர்களுக்கு ஆர்வம் இருக்கிறது. மறைந்துபோகும் நிலத்தைப் பார்க்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும் என்ற தவிப்பு உண்மையானது. அந்தத் தவிப்போடு வருகிறவனை முதலில் யாரிடம் பேச வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

முதல் ஆண்டில் நடக்கக்கூடியவை சில உண்டு. லண்டன், கேம்பிரிட்ஜ், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள், நம் எழும்பூர் அருங்காட்சியகம் ஆகியவற்றில் நீலகிரிப் பழங்குடிகள் தொடர்பாக இருக்கும் ஒலி, படம், கையெழுத்துக் குறிப்பு எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் கேட்டு அரசு சார்பில் கடிதம் எழுதுங்கள். தனி ஆள் எழுதும் கடிதத்துக்கு வராத பதில் அரசு எழுதினால் வரும். கிடைக்கும் பிரதிகளை ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை பாலாடாவிலுள்ள உங்கள் பழங்குடியினர் ஆய்வு மையத்தில் ஒரு தொகுப்பும், அந்தந்தச் சமூகத்திடம் ஒரு தொகுப்புமாக வையுங்கள். கோத்தகிரியில் பழங்குடி மொழிகளில் நிகழ்ச்சி தரும் சமுதாய வானொலி இருக்கிறது. சமூகம் சம்மதிக்கும் பாடல்கள் அதில் ஒலிக்கட்டும்.

இதற்கெல்லாம் முன்பாக, ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கும் முன்பாக, முத்தநாடு மந்தில் ஒரு கூட்டம் போடுங்கள். கோத்தர்களின் ஊரான கொக்கால் ஒன்றில் இன்னொரு கூட்டம். பெண்களும் பேசும்படியான நேரத்தில் வையுங்கள். எதைப் பதிவு செய்யலாம், எதைக் கூடாது, எந்தச் சரிவில் புல் திரும்ப வர வேண்டும் என்று அவர்கள் சொல்வதை எழுதி, படித்துக் காட்டி, அவர்கள் கையெழுத்திட்ட பிறகு திட்ட அறிக்கையைத் தயாரியுங்கள். மொற்பர்த் பண்டிகை நடக்கும் டிசம்பர், ஜனவரியில் எல்லா மந்துக்காரர்களும் ஒரே இடத்தில் கூடுவார்கள். தேதியை அவர்களிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
நீலகிரியில் ஒலிப்பதிவு செய்துவரும் ஒருவன்